இருபத்தெட்டு மீட்டர்

மார்ச் 3, திங்கள்

இரண்டாம் எண் இயந்திரம் காலையிலிருந்து மக்கர். ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்குகிற அந்தப் பெரிய பெட்டி இல்லாமல் எங்கள் பிரிவில் ஒரு வேலையும் ஓடாது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு நாடா ஒட்டுவோம். சூடு சரியாக ஏறினால் அதில் கோடு கறுக்கும். இன்று எல்லாம் வெளுப்பாகவே வந்தது. பதினாறு தட்டுகளைப் பிரித்து மறுபடி கட்டினேன். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "நீங்க பாத்துட்டீங்கன்னா நான் பாக்கவே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபது வருடமாக எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். எதையும் மூன்று தடவை பார்க்கிற புத்திக்கு ஆஸ்பத்திரியில் நல்ல பெயர். வீட்டில் அதே புத்திக்கு நச்சரிப்பு என்று பெயர்.

மதியம் இவர் போன் செய்தார். வாண்டு ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டாளாம், முதல் தடவையே. பதினெட்டு முடிந்து பதினோரு நாள்தான் ஆகிறது. இனிமேல் வாண்டு என்று கூப்பிடக் கூடாதாம். என்னைவிட ஒரு சாண் உயரம், அதுவும் நியாயம்தான். ஆனால் ஒற்றைப் பிள்ளைக்கு வைத்த பெயர் நாக்கிலிருந்து போகுமா?

எப்படித் தேறினாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் இருபது வகுப்பு. நாலோடு இவர் நிறுத்திவிட்டார். "வண்டி ஓட்டறதுக்கு என்ன படிப்பு? கை பழகினா போதும்." லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கையால் தொட்டால் எல்லாம் வந்துவிடும் என்பது இவர் எண்ணம். கிடங்குக்குப் பின்னால் காலி இடத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொடுத்தார். முடிந்தது. தேர்விலும் பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னார்கள், ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னார்கள், நாலு சாலைக் குறிப் பலகையைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். பன்னிரண்டு நிமிடம்.

சந்தோஷப்பட்டேன். பட்டுக்கொண்டே, கட்டின பதினாறு தட்டையும் இன்னொரு தடவை எண்ணினேன்.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள், காரில் தனியாகக் கல்லூரிக்கு. பன்னிரண்டு கிலோமீட்டர். 7.30க்குக் கிளம்பினாள். 7.41க்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 7.44க்கும் இல்லை. 7.46க்கு எடுத்தாள். "அம்மா, பாலத்துல இருக்கேன்." சரி என்று வைத்தேன். உடனே எனக்குத் தோன்றியது: பாலத்தில் நின்றுகொண்டா, போய்க்கொண்டா?

சாயந்திரம் ஒரு விதி போட்டேன். நான் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் சாவியை வாங்கிவிடுவேன்.

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நல்ல விதி" என்றார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை.

மார்ச் 11

7.43, 7.50. இரண்டு தடவையும் எடுத்தாள். நல்ல பிள்ளை.

மார்ச் 19, புதன்

காலையில் நல்ல மழை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் முழுக்கப் புகைபோல. ஐந்து தடவை கூப்பிட்டேன். ஐந்தாவதில் எடுத்துக் கத்தினாள்.

வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை அவளுக்கு. "ஓட்டறப்ப கூப்பிடாதம்மா. போய்ச் சேர்ந்துட்டு நானே கூப்பிடறேன்."

"ரெண்டு செகண்ட் எடுத்து ஆமான்னு சொல்றதுக்கு என்ன?"

"ரெண்டு செகண்ட் இல்லம்மா. அது பைக்குள்ள இருக்கும். எடுக்கணும், பாக்கணும்..."

"அப்போ மடியில வச்சுக்கோ."

சொன்னது நான்தான். இங்கே எழுதி வைக்கிறேன். அப்போது அது எனக்குப் பெரிய யோசனையாகத் தெரிந்தது.

மார்ச் 27

மூன்று நாளாக மேற்பார்வையாளர் வேறு கண்டுபிடித்துவிட்டார். கருவிகளை எண்ணும்போது நடுவில் நான் போனைப் பார்க்கிறேனாம். "உங்களுக்கு என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை கார் ஓட்டுகிறாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 2, புதன்

முடியலை. எழுதிப் பாக்கறேன்.

அவளுக்கு ஒண்ணும் இல்லை. நெத்தியில ஒரு கீறல். ஒண்ணும் இல்லை. ஒண்ணும் இல்லை.

அந்த மனுஷனுக்குத்தான்.

7.51.

ஏப்ரல் 3, வியாழன்

நேற்று எழுத முடியாததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இந்த நோட்டு யாரிடமும் சொல்லாது.

கடைத்தெரு திரும்புகிற இடத்தில், கோடு போட்ட பாதையில், ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்திருக்கிறார். அங்கேயே சலூன் வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். கடை திறக்கப் போய்க்கொண்டிருந்தவர். வாண்டு கடைசி நிமிடத்தில்தான் பிரேக் போட்டிருக்கிறாள். கார் சைக்கிளில் மோதி, சைக்கிள் அவரைத் தள்ளி, அவர் வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போய்விட்டது. முடி வெட்டுகிறவருக்கு வலது மணிக்கட்டு.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஆபரேஷனுக்குச் சின்ன எலும்புக் கருவிகள் உள்ள தட்டு கேட்டுச் சீட்டு வந்தது. அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுத்தது நான். நாடாவில் கோடு நன்றாகக் கறுத்திருந்தது, கீழே என் கையெழுத்து. யாருக்கு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கழிப்பறையில் போய் நின்றேன்.

போலீஸிடம் வாண்டு சொன்னது: வெயில் கண்ணில் அடித்தது, ஆளைத் தெரியவில்லை. போலீஸ் எழுதிக்கொண்டது. இவர் நம்பிவிட்டார்.

வெயில் இல்லை. நான்தான்.

7.48, 7.49, 7.50. எடுக்கவில்லை. 7.51க்கு நாலாவது தடவை. எடுத்தாள். "ம்மா, ஓட்டிட்டு..." அவ்வளவுதான் கேட்டது. பிறகு டயர் சத்தம். பிறகு தகரம் நசுங்குகிற மாதிரி ஒன்று. பிறகு இண்டிகேட்டர். டிக், டிக், டிக். நாற்பது விநாடி அதைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் கொஞ்சம் நகரச் சொன்னார். நகர்ந்தேன்.

மதியம் என் போனிலிருந்து அந்த நாலு அழைப்பையும் அழித்தேன். விரல் தானாகப் போனது என்று எழுத நினைத்தேன். இல்லை. யோசித்துத்தான் அழித்தேன்.

ஏப்ரல் 5, சனி

இவர் சாப்பிடும்போது ஆரம்பித்தார். "கண்ணு எங்கடி இருந்துச்சு? வெயில் அடிச்சா வேகத்தைக் குறைக்கணும்னு தெரியாதா? படிச்சுப் படிச்சு சொன்னேனே?" அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கவனம் இல்லாத கழுதை" என்றார்.

நான் ரசம் ஊற்றுகிற கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன். "சாப்பிடறப்ப எதுக்கு?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

ஏப்ரல் 6

அவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? போனில் பெயர் வந்ததே, "அம்மா" என்று.

அப்புறம் ஏன் வெயில் என்றாள்?

ஏப்ரல் 7

நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. துடைத்த மேடையையே துடைக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஆண்கள் வார்டுக்குப் போனேன். ஒரு சாக்கு வேண்டுமே, கட்டுப் போடுகிற தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஜன்னலோரம் இருந்தார். வலது கை முழங்கை வரை கட்டு. இடது கையால் பக்கத்துக் கட்டில்காரரின் தலையைத் தொட்டு, "யாரு வெட்டினா இதை? இதுக்குக் காசு வேற குடுத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டார்.

என் சீருடையைப் பார்த்து, "சிஸ்டர், இந்தக் கட்டை விரல் மடங்க மாட்டேங்குதே. மடங்கிடுமா?" என்றார்.

நான் சிஸ்டர் இல்லை, கருவி கழுவுகிற பிரிவு என்றேன். டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

"டாக்டர் பாப்போம்னு சொல்றாரு. பாப்போம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு கேட்டேன்." கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நகர்த்தி வைத்தார். "வெயிலாம். போலீஸ்காரர் வந்து படிச்சுக் காட்டினாரு. எந்த வெயிலு? வெயில் எனக்கு நேரா அடிச்சுது, அந்தப் பொண்ணுக்கு முதுகுப் பக்கம். நான் பாத்தேன் சிஸ்டர். கண்ணு மடியில இருந்துச்சு. யாரோடவோ பேசிட்டிருந்துச்சு. நாளன்னிக்கு வந்து எழுதிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நான் பாத்ததைச் சொல்லத்தானே வேணும்?"

"சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"புள்ளைக்குக் கெடுதல் பண்ணணும்னு இல்ல. ஆனா பொய்யைக் கேட்டுட்டு இந்தக் கையைத் தடவிக்கிட்டு இருக்க முடியல."

மடியில். மடியில வச்சுக்கோ என்று சொன்னது யார்?

ஏப்ரல் 10, வியாழன்

வேலையிலிருந்து நேராக அவள் அறைக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். நான்தான் கூப்பிட்டேன், நாலு தடவை. அழித்துவிட்டேன். அந்த மனுஷர் உன்னைப் பார்த்திருக்கிறார், நாளைக்குச் சொல்லப்போகிறார். அதற்கு முன்னால் போய் நான் சொல்லிவிடுகிறேன், எல்லாம் என் தப்பு என்று.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு துண்டை நாலாக மடித்து வைத்தாள்.

"எல்லாம் உன் தப்புன்னா நான் யாரும்மா அந்தக் கார்ல?"

அடுத்த துண்டை எடுத்தாள்.

"நீ கூப்பிட்டே. நான் எடுத்தேன். ரெண்டும் வேற வேற. மூணு தடவை எடுக்காம இருந்தேன்ல? நாலாவதுக்கும் இருந்திருக்கலாம். சாவியை வாங்கிடுவியேன்னு குனிஞ்சேன். நிமிர்றப்ப அவர் அங்க இருக்காரு." மடித்த துண்டைப் பிரித்தாள். "அவர் என்னையே பாத்துட்டு இருந்தாரும்மா. கை காட்டினாரு. நிறுத்துன்னு."

"அப்போ ஏன் வெயில்னு சொன்னே?"

"உன் பேரைச் சொன்னா நீ தாங்க மாட்டே. சொல்லலைன்னா என்னால முடியல. எட்டு நாளா அந்த வெயிலைச் சுமந்துட்டு இருக்கேன்."

பிள்ளை என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறது. நான் என்னைக் காப்பாற்ற அழித்திருக்கிறேன். ஒரே வீட்டில், நடுவில் ஒரு சுவர்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் மூன்று பேருமாகக் காவல் நிலையம் போனோம். கிளம்புவதற்கு முன் இவரிடம் சொன்னேன், நின்ற இடத்திலேயே, மூச்சு விடாமல். இவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

விசாரித்தது ஒரு பெண் அதிகாரி. முன்னால் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நீங்க கூப்பிட்டதுக்குச் சட்டத்துல உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இதை எழுதினா உங்க பொண்ணுக்குத்தான் கேஸ் கனமாகும். ஓட்டறப்ப போன், மேல பொய் வேற. யோசிச்சுட்டீங்களா?"

நான் யோசிக்கவே இல்லை. இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. என் மனசிலிருந்து இறக்கி வைக்கப் போனேன், அவள் தலையில் போய் இறங்குகிறது. எழுந்து வந்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எழுவதற்குத்தான்.

"எழுதுங்க மேடம்" என்றாள் வாண்டு.

இவர் அவள் தோளில் கை வைத்தார். எடுக்கவே இல்லை, வெளியே வரும் வரைக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவர் பால்கனியில் மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. காபி கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, "அந்தக் கிடங்குப் பக்கம் அவளுக்குக் கத்துக்குடுத்தேன்ல" என்றார். "சொல்லுங்க" என்றேன். "மூணு வாரமும் பக்கத்துல உக்காந்து நான் போன்லதான் பேசிட்டு இருந்தேன். வேலை விஷயமா. கியரை மாத்து, கிளட்சை விடுன்னு நடுவுல சொல்வேன்." திருகாணியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தீர்ப்பு வந்தது. ஓட்டுநர் உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்தம். எட்டு வாரம், சனிக்கிழமைதோறும், இளம் ஓட்டுநர்களுக்கான கட்டாய வகுப்பு. பெற்றோரில் ஒருவர் கூடவே வர வேண்டும். அதற்கப்புறம் மறுபடியும் தேர்வு. சலூன்காரருக்கு இழப்பீடு தனியாக.

நான்தான் கூடப் போகிறேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன்.

மே 3, சனி

வகுப்பு ஒரு பழைய பஸ் டிப்போவில். பதினோரு பிள்ளைகள், பதினோரு பெற்றோர். பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே முகம், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்த முகம். எங்களுக்கும்தான்.

சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவளாம். பிள்ளைகள் முதல் மணி நேரத்திலேயே அவளுக்கு "சைரன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. "சைரன் வந்தா ஒதுங்கி வழி விடணும். அதையாவது ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள்.

"வண்டியைத் திருப்பறது, நிறுத்தறது எல்லாம் உங்களுக்கு வரும். வராததுதான் இங்க. பக்கத்துல நாலு ஃப்ரெண்டு உக்காந்து சிரிக்கறப்ப எப்படி ஓட்டறது. தூக்கம் வர்றப்ப எப்படி ஓட்டாம இருக்கறது. அவசரமா இருக்கறப்ப எப்படி லேட்டாப் போறது."

அவசரமாக இருக்கும்போது எப்படி லேட்டாகப் போவது. இருபது வகுப்பில் நாலாவதோடு நிறுத்தினோமே, இது எத்தனையாவதில் வந்திருக்கும்?

மே 10, சனி

இன்று பெற்றோர் ஓட்ட வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து தப்பு எழுத வேண்டும். எங்கள் வீட்டுக் காரை நான் மாதத்தில் இரண்டு தடவை ஓட்டுவேன். பதினெட்டு வருட அனுபவம். ஒரு கீறல் போட்டதில்லை. வகுப்பு வண்டியை ஓட்டினேன்.

பதினான்கு தப்பு. கிளம்பும்போது கண்ணாடி பார்க்கவில்லை. மஞ்சளில் வேகம் கூட்டினேன். நிறுத்தக் கோட்டில் நிற்காமல் உருண்டு போனேன். எட்டாவதாக அவள் எழுதியிருந்தது: "சிக்னலில் கைப்பையைத் திறந்து போனைப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை."

யாரும் கூப்பிடவில்லை! அதை மட்டும் ஏன் இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்?

வரும் வழியில் பஸ்ஸில் அவள்தான் முதலில் சிரித்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது அந்தச் சத்தம் கேட்டு. நானும் சிரிக்கப் பார்த்தேன், அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன்.

மே 17, சனி

சைரன் இன்று எங்களை வெளியே நிற்க வைத்தாள். "ஐம்பது கிலோமீட்டர் வேகத்துல போறீங்க. போனை எடுத்து யாருன்னு பாக்க எவ்வளவு நேரம்?" என்று பெற்றோரைக் கேட்டாள். நான் சொன்னேன், "ரெண்டு செகண்ட்."

"ரெண்டு செகண்டுல வண்டி இருபத்தெட்டு மீட்டர் போயிருக்கும். வாங்க, நடந்து பாருங்க. கண்ணு போன்லயே இருக்கட்டும்."

டேப் வைத்து அளந்து தரையில் இரண்டு கோடு போட்டிருந்தாள். முதல் கோட்டில் நின்று போனைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பத்துக் காலடி, இருபது காலடி. முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முப்பது. யாரோ இருமினார்கள். வலப்பக்கம் சுவர் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று தெரியவில்லை. முப்பத்தைந்து. நிமிர வேண்டும் போலக் கழுத்து துடித்தது. நாற்பத்தொரு காலடி வைத்தேன்.

நாற்பத்தொரு காலடி. இவ்வளவு தூரம் அவள் கண்ணில்லாமல் போயிருக்கிறாள், நான் ஆமாம் என்ற ஒரு சொல்லைக் கேட்பதற்காக. இந்த நாற்பத்தொன்றுக்குள் எங்கோ ஓர் அடியில் அந்த மனுஷர் கை காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

இரண்டாவது கோட்டைத் தாண்டியும் நான் நிற்கவில்லையாம். சைரன் வந்து கையைப் பிடித்தாள்.

மே 20

வேலைக்கு வந்ததும் போனைப் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். முதல் நாள். கை மூன்று தடவை இடுப்புக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது.

மே 23

இன்று ஏழு தடவை.

ஜூன் 14, சனி

வகுப்பு முடிந்ததும், "சலூனுக்குப் போலாம்மா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கடை திறந்திருந்தது. வேறொருவர் வெட்டிக்கொண்டிருந்தார், சலூன்காரர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "ஆஸ்பத்திரி மேடம்." பிறகு வாண்டுவைப் பார்த்தார். மறுபடி என்னை. பந்து நின்றது.

"இவ உங்க பொண்ணா?"

ஆமாம் என்றேன். அன்று வார்டில் சொல்லியிருக்க வேண்டும், தைரியம் இல்லை என்றேன். போன் பண்ணியது நான் என்றேன்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு வாண்டுவிடம் நேராகக் கேட்டார். "என்னைப் பாத்தியா நீ? கடைசியிலயாவது?"

"பாத்தேன். நீங்க கை காட்டினீங்க. ரொம்ப லேட்டாப் பாத்தேன்."

"ம்." தலையை ஆட்டினார். "காட்டினேன்ல? வீட்டுல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. விழறப்ப எங்க கை காட்டினீங்கங்கறாங்க."

அவள் மன்னிப்பு என்று ஆரம்பித்தாள். அவர் இடது கையை உயர்த்தினார்.

"அதை இப்போ கேக்காதம்மா. கேட்டா குடுக்கணும். குடுக்கறதுக்கு எனக்கு இன்னும் வரல. இந்த விரல் சொன்ன பேச்சு கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்." அந்தக் கட்டை விரலைக் காட்டினார். பாதி வரைதான் மடங்கியது. "முப்பத்தியொரு வருஷமா இந்த விரலை நான் பாத்ததே இல்ல. இப்போ நாள் பூரா இதைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

உட்காரச் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவராகப் பந்தை அமுக்க ஆரம்பித்த பிறகு வந்துவிட்டோம். தெருமுனையில் நின்று, "உண்மையைச் சொன்னாரு, இல்லம்மா?" என்றாள்.

ஜூன் 21

கடைசி வகுப்பு. சான்றிதழ் என்று ஒரு தாள். வாண்டு அதை அப்பாவிடம் கொடுத்தாள். இவர் இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "எனக்கும் இந்த வகுப்பு உண்டா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. இவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

தினமும் பஸ்ஸில் போகிறாள். நானும் பஸ்தான். வேறு வேறு வழி. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 9

கழுத்து வலி. மாதம் முடிவதற்குள் ஆறு மாதம் முடிந்துவிடும். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா" என்கிறாள். நிஜமாகத்தான் சொல்கிறாள் போல. அது எனக்கு இன்னும் கலக்கமாக இருக்கிறது. பயந்து ஓட்டுகிறவளைவிட யார் ஆபத்து?

அக்டோபர் 27, திங்கள்

மறுதேர்வில் தோற்றுவிட்டாள். நாற்சந்தியில் வழி கிடைத்தும் போகாமல் நின்றாளாம், பின்னால் எட்டு வண்டி. "தயக்கம் அதிகம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, "யாரோ வந்துட்டே இருக்காங்கன்னு தோணுது" என்றாள். முன்பாக இருந்தால் நான் ஆயிரம் சொல்லியிருப்பேன். இன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதுதான் தோன்றும், பதினெட்டு வருடமாக, என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 29

இவர் அவளைச் சைரனிடம் மறுபடி சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். நாற்சந்திக்கு மட்டும், தனியாக. என்னிடம் சொல்லவே இல்லை. பின் இருக்கையில் தானும் உட்கார்ந்திருந்தாராம், வாய் பேசாமல். நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

தேறினாள். முப்பத்தைந்து நிமிடம் ஓட்டச் சொன்னார்களாம் இந்தத் தடவை. எங்கே பார்த்தாள், எப்போது பார்த்தாள் என்றெல்லாம் கேட்டார்களாம்.

யாரும் இனிப்பு வாங்கவில்லை. அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படிக்கப் போனாள். மூன்று நாள் கழித்துத்தான் எடுத்தாள். (இதை வியாழனன்று சேர்த்து எழுதுகிறேன்.)

நவம்பர் 23, ஞாயிறு

மூன்றாம் எண் இயந்திரத்துக்குப் புது ரப்பர் வளையம் வந்துவிட்டது. நாளைக்குச் சீக்கிரம் போக வேண்டும். அலமாரி முழுக்க ஒழித்தேன், இரண்டு பை நிறையப் பழைய துணி. நடுவில் அப்படியே நாற்காலியில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. பகலில் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று? எழுந்தபோது இரண்டு பேரும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வாண்டு இவரைக் காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று எழுத நினைத்தேன். பார்க்கவில்லை.

இவர் முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அந்தச் சலூனில். அவரே வெட்டினாராம். மெதுவாகத்தான், நடுநடுவே கத்தரியைக் கீழே வைத்து விரலை நீவிக்கொண்டாராம். ஒரு வார்த்தை கூட வேறு பேசவில்லையாம். முடிக்கும்போது மட்டும் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்து, "பொண்ணு எதுக்கு வெளியிலயே உக்காந்திருக்கு? அடுத்த தடவை உள்ள வரச் சொல்லுங்க" என்றாராம்.

இடது கிருதா வலதைவிட அரை விரல் மேலே இருக்கிறது. நான் பார்த்தேன். வாண்டுவும் பார்த்தாள். இவர் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குளிக்கப் போனார்.